பால் பவுடர் டின்னைத் திட்டியவள்

என் அக்காவை எங்கள் தெருவில் ரேடியோ என்றுதான் சொல்வார்கள். காலையில் அடுப்பு பற்றினால் அவள் வாயும் பற்றிக்கொள்ளும். வீட்டில் கேட்க ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அவள் பேசுவது பாத்திரங்களோடு. பேசுவது என்றா சொன்னேன்? திட்டுவது.

"என்னடா பிகு பண்றே? ஒரு விசில் குடுக்க உன்னைக் கெஞ்சணுமா? புது மாப்பிள்ளையா நீ?" இது குக்கருக்கு.

"கண்ணை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது, உடனே பொங்கிட்டு ஓடிடுவே. உனக்கும் அந்த ஆளுக்கும் ஒரே புத்தி." இது பால் பாத்திரத்துக்கு.

அந்த ஆள் என்பது அவள் புருஷன். வேலை தேடிப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் திரும்ப மாட்டார் என்று தெரிந்த அன்று அக்கா அழவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை புலம்பவில்லை. வீட்டிலேயே பெரிய அண்டாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அதைக் கேட்ட கேள்வி இருக்கிறதே, அண்டாவுக்கு மானம் ரோஷம் இருந்திருந்தால் அன்றைக்கே அதுவும் வீட்டை விட்டுப் போயிருக்கும்.

மனிதர்கள் என்று வந்துவிட்டால் அதே அக்கா வாயில்லாப் பூச்சி. "சரிங்க", "பரவால்லைங்க", "நான் பாத்துக்கறேங்க", இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த பாஷை. நான் நேரெதிர். பேருந்தில் நடத்துநர் வேலை எனக்கு. படியில் தொங்குகிறவனிலிருந்து ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுகிறவன்வரை எல்லோரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். "உனக்குத் திட்டறதுக்குச் சம்பளம் தர்றாங்கடி, நான் இலவசமா செய்யறேன்" என்பாள் அக்கா. இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வாய் ஓயாத வீடு எனக்குத் தொந்தரவாக இருந்ததே இல்லை.

குழந்தை பார்த்துக்கொள்வது அவள் தொழில். ஒரு ஏஜென்சி மூலம் வீடுகளுக்குப் போவாள். அவள் வளர்த்துக் கொடுத்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனையோ. ஒரு பிள்ளை மேல் அவள் கை ஓங்கியதை யாரும் பார்த்ததில்லை, பார்த்தேன் என்று சொன்னால் அவன் கண்ணை நான் பிடுங்கிவிடுவேன். கடைசியாக வேலை பார்த்த வீட்டில் ஒரு பையன். குப்புற விழக்கூடத் தெரியாத நாளிலிருந்து இவள் இடுப்பில்தான் இருந்தான். அவனுக்கு இவள் வைத்த பேர் தொப்பை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பெரிய அலுவலகத்தில் பெரிய வேலை. காலையில் கையசைத்துவிட்டுப் போனால், விளக்கு போடும் நேரத்தில்தான் திரும்புவார்கள்.

தொப்பை சாப்பிட மாட்டான். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த வீட்டுப் பால் பவுடர் டின்னின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பினால்தான் திறக்க முடியும். இவள் நெம்பிக்கொண்டே டின்னைத் திட்டுவாள். "திற. திறக்க மாட்டே? எத்தனை தடவை சொல்றது உனக்கு? மண்டையைப் பொளந்துடுவேன் பாத்துக்கோ. தூக்கி சுவத்துல ஒரே அடி அடிச்சேன்னா அப்புறம் தெரியும்!" தொப்பைக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் கிடையாது. வீடே அதிர வீறிட்டுச் சிரிப்பான். சிரித்தால் வாய் திறக்கும். திறந்த வாயில் ஒரு கரண்டி கஞ்சி போய்விடும். மறுபடி டின்னுக்குத் திட்டு, மறுபடி சிரிப்பு, மறுபடி ஒரு கரண்டி. கிண்ணம் காலியாகும்வரை டின்னுக்கு அர்ச்சனை நடக்கும்.

அந்தச் சமையலறை அலமாரியில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு சாமான் இருந்தது. பாட்டுப் போடச் சொன்னால் போடும், மழை வருமா என்றால் சொல்லும். வீட்டுக்காரர்கள் அதற்குச் செல்லப்பேர்கூட வைத்திருந்தார்கள். நான் அதைக் காது என்றுதான் சொல்வேன். "குழந்தைக்குப் பாட்டுப் போட வெச்சிருக்கோம் அக்கா" என்று அந்த அம்மா முதல் நாள் சொன்னாராம். பாட்டுப் போடுவதற்கு மேல் அதற்கு என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பாட்டுப் பெட்டியிடம் வேவு பார்ப்பாயா என்று யார் கேட்பார்கள்? எங்கள் வீட்டு ரேடியோ பேசத்தான் செய்யும். இது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரு நாள் மதியம் தொப்பைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் கதவு படீரென்று திறந்தது. அப்பாவும் அம்மாவும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அப்பா வந்த வேகத்தில் கத்தினார்.

"கையை எடு! குழந்தை மேல இருந்து கையை எடு!"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பையனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். அது இன்னும் தப்பாகப் போய்விட்டது. பிடுங்கிக்கொண்டார்கள். தொப்பை அப்போதுதான் அழ ஆரம்பித்தான். அந்த அம்மா கைபேசியை நீட்டினார். சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: குழந்தையின் அருகில் மிரட்டும் பேச்சு, குழந்தையின் அலறல். கீழே தொட்டால் என் அக்காவின் குரல். திற, திறக்க மாட்டே, மண்டையைப் பொளந்துடுவேன். பின்னால் தொப்பை வீறிடுகிறான்.

ஒரு சொல்லைக்கூட அந்தக் காது தப்பாகக் கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எல்லாவற்றையும் சரியாகக் கேட்டிருக்கிறது. யாரைச் சொன்னாள், எதற்குச் சொன்னாள், பையன் அழுகிறானா சிரிக்கிறானா என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

"அது பால் பவுடர் டின்னைச் சொன்னது மேடம்" என்றாள் அக்கா.

"டின்னோட யாராவது பேசுவாங்களா?" என்றார் அப்பா.

அலமாரியில் இருக்கிற உருண்டையோடு குட் மார்னிங், குட் நைட் சொல்லுகிற மனுஷன் கேட்ட கேள்வி இது! நான் மட்டும் அங்கே இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அக்கா சொல்லவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கஞ்சி காய்ந்த விரல்களோடு பேருந்து ஏறி வந்திருக்கிறாள், கையைக்கூடக் கழுவவில்லை.

அந்த எச்சரிக்கை புதிதாகச் சேர்த்த வசதியாம், ஏஜென்சிக்கும் போகுமாம். அங்கே அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி விழுந்தது. ஆள் கேட்டு வருகிற எந்த வீட்டுக்காரர் கைபேசியைத் திறந்தாலும் அந்தக் குறிதான் முதலில் கண்ணில் படும். குழந்தைப் பாதுகாப்பு எச்சரிக்கை என்று. யார் கூப்பிடுவார்கள்? இவள் வளர்த்த பிள்ளைகளின் அம்மாக்களே வழியில் பார்த்தால் அவசர வேலை இருப்பதுபோல நடையைக் கட்டினார்கள்.

"விடுடி, பரவால்ல" என்றாள் அக்கா. என்னால் அப்படி விட முடியவில்லை. லீவு போட்டு, அவள் கையைப் பிடித்து, தரதரவென்று ஏஜென்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே மேலாளர் என்று ஒருவர். வெயில் கொளுத்துகிற நாளில் கழுத்துவரை டை இறுக்கியிருந்தார். மேசையில் ஒரு பிளாஸ்டிக் செடி, அதற்குக்கூடத் தூசு துடைக்க ஆளில்லை.

"பாருங்கம்மா, இதுல எங்க தனிப்பட்ட முடிவுன்னு எதுவும் இல்ல. ஏஐ தானா கண்டுபிடிக்குது, தானா குறி போடுது. மெஷினுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. அதனால அது நியாயமா இருக்கும்."

"அப்ப முழுசாப் போட்டுக் காட்டுங்க சார்" என்றேன். "முன்னாடி என்ன சொன்னா, பின்னாடி என்ன சொன்னா, பையன் எப்படிச் சிரிச்சான், எல்லாத்தையும் போடுங்க. நானும் கேக்கறேன், நீங்களும் கேளுங்க."

"முழுசா இருக்காதும்மா. எச்சரிக்கை வந்த இடம் மட்டும்தான் வெச்சிருப்போம். மீதியை உடனே அழிச்சிடுவோம்."

"ஏன்?"

"உங்க அக்காவோட தனியுரிமைக்காகத்தான்."

அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒரு பெண்ணின் பேச்சை அவளைக் கேட்காமல் எடுப்பார்களாம். அவளைக் கவிழ்க்கிற துண்டை நறுக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். அவளைக் காப்பாற்றக்கூடிய மிச்சத்தை அவள் நன்மைக்காகவே துடைத்துவிடுவார்களாம். திருடிக்கொண்டு போனவன் வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டுப் போனேன் என்று நன்றி கேட்பதுபோல இருந்தது.

"அவ பேச்சை எடுக்கலாம்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"வேலைக்குச் சேரும்போது அவங்க போன்லயே சம்மதம் குடுத்திருக்காங்களேம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அலுவலகத்துப் பையன் ஒருத்தன் அவள் போனை வாங்கி, இங்க தொடுங்க, இங்க தொடுங்க என்றானாம். தொட்டாளாம். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். பிளாஸ்டிக் செடி கவிழ்ந்தது. அக்கா அதை நிமிர்த்தி வைத்து, தூசைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "போலாம் வா" என்றாள்.

பிறகு ஒரு பெரிய அலுவலகத்தின் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை கிடைத்தது. குழந்தைகள் வராத இடம், அதனால் சிவப்புக் குறியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. முதல் நாள் உள்ளே போனதும் அக்கா அண்ணாந்து கூரையைப் பார்த்தாளாம். நாலு மூலையிலும் நாலு கேமரா. அது படம் மட்டும் பிடிக்குமா, பேச்சையும் பிடிக்குமா என்று கூட வேலை செய்கிறவளிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் தெரியவில்லை. அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். குவியல் குவியலாகத் தட்டு, மலை மலையாகக் குண்டான், ஒன்றிடமும் ஒரு வார்த்தை கிடையாது. கேன்டீனில் அவளுக்கு வைத்த பேர் ஊமையம்மா.

அங்கேதான் அப்படி என்றால் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டாள். பால் பொங்கினால் பேசாமல் அடுப்பை அணைப்பாள். குக்கர் விசில் வராவிட்டால் பேசாமல் காத்திருப்பாள். சமையலறையில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று நான் எட்டிப்பார்க்க வேண்டியிருந்தது. "ஏதாவது சொல்லேன் அக்கா, அந்தக் குக்கர் என்ன உனக்கு மாமனாரா, இவ்வளவு மரியாதை?" என்று சீண்டிப் பார்த்தேன். என் கைபேசியை ஒரு பார்வை பார்த்தாள், சிரித்தாள், அவ்வளவுதான். வேலை போனதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த நிசப்தத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம், வாசலில் அந்த அம்மா வந்து நின்றார். இடுப்பில் தொப்பை. இளைத்துப் போயிருந்தான், பேருக்குத்தான் தொப்பை. அக்காவைப் பார்த்ததும் தாவினான். அவள் வாங்கிக்கொண்டாள். நான் நகரவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அந்த அம்மா தானாகவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். இவள் போன பிறகு ஏஜென்சி அனுப்பிய புதுப் பெண் வாயே திறக்காதவளாம். அவளிடம் பையன் சாப்பிடவே மாட்டேன் என்றிருக்கிறான். போன வாரம் இந்த அம்மா அலுவலகத்தில் இருக்கும்போது மறுபடி அதே சிவப்பு எச்சரிக்கை, மிரட்டும் பேச்சு என்று. ஓடிப்போய்ப் பார்த்தால் புதுப் பெண் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். தொப்பை தன் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, பால் பவுடர் டின்னை ஸ்பூனால் அடித்துக்கொண்டிருக்கிறான். தெற! மண்ட பொளப்பேன்! சொல்லிவிட்டு வீறிட்டுச் சிரிக்கிறான்.

"எனக்கு அப்பதான் புரிஞ்சுது அக்கா. இருங்க, வீடியோ எடுத்திருக்கேன், காட்டறேன்" என்று கைபேசியை எடுத்தார்.

"காட்ட வேண்டாம்" என்றேன் நான். "எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"நான் ஏஜென்சிக்கு மெயில் போட்டுட்டேன். பரிசீலிக்கறோம்னு பதில் வந்திருக்கு. அக்கா, நீங்க திரும்பி வரணும். இந்தத் தடவை அப்படி ஆகவே ஆகாது. உங்க குரலை அதுல பதிஞ்சு வெச்சிடலாம். கொஞ்ச நேரம் அது சொல்றதைத் திருப்பிச் சொன்னாப் போதும். அப்புறம் நீங்க என்ன பேசினாலும் நீங்கதான்னு அதுக்குத் தெரிஞ்சிடும், எச்சரிக்கை வராது."

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "இவ்வளவு பண்ணினதும் போதாம இன்னும் அவ குரல் வேற வேணுமா உங்களுக்கு? அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போட வக்கில்ல, அதுக்கு என் அக்காவைப் பழக்கப்படுத்தணுமா? வெளிய போங்க! எழுந்து போங்கன்னு சொல்றேன்!"

அந்த அம்மா கையிலிருந்த கைபேசி விர்ரென்று அதிர்ந்தது. சிவப்பாக ஒளிர்ந்தது. குழந்தையின் அருகில் மிரட்டும் பேச்சு.

"இது... குழந்தை கூட இருக்கறப்ப இதுவும் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார் அந்த அம்மா, தலையைக் குனிந்துகொண்டு. நான் அதைப் பிடுங்கி வாசலுக்கு வீசப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வைடி. மேசை மேல வை. இருக்கட்டும், அதுவும் கேக்கட்டும்."

வைத்தேன். அக்கா தொப்பையை மடியில் சாய்த்துக்கொண்டு அவன் முதுகைத் தட்டியபடியே பேசினாள். குரல் உயரவில்லை. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது பேசுகிற அதே குரல்.

"மேடம், நான் ஏன் பாத்திரத்தைத் திட்டறேன்னு உங்களுக்குத் தெரியுமா? மனுஷங்களைத் திட்டினா வேலை போயிடும். பாத்திரத்தைத் திட்டினா போகாதுன்னு நினைச்சேன். அதுக்கும் போச்சு. இனிமே பாவம் அதை எதுக்குத் திட்டணும்? திட்ட வேண்டியவங்களையே திட்டிடறேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க பெத்தீங்க. நான் வளத்தேன். இவனுக்குப் பல் முளைச்சப்போ எந்தப் பக்கம் முதல்ல முளைச்சதுன்னு நான்தான் உங்களுக்குச் சொன்னேன். அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, என்ன அக்கா இதுன்னு? அலமாரியில இருக்கறதைக் கேட்டீங்க. கையில இருக்கறதைக் கேட்டீங்க. கண்ணு முன்னாடி கஞ்சிக் கையோட நின்ன என்னைக் கேக்கல. உங்க பிள்ளையோட சிரிப்பு எது, அழுகை எதுன்னு ஒரு மெஷின் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னா, நீங்க என்ன அம்மா? அதுல என் குரலைப் பதியணும்ங்கறீங்க. அதுக்கு எதுக்கு என் குரல் தெரியணும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அந்த அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்கு இரக்கம் வரவில்லை. அக்கா நிறுத்தவும் இல்லை.

"உங்க வீட்டுக்கு நான் வர மாட்டேன். ஆனா நாளைக்குக் காலையில நீங்க ஏஜென்சிக்கு வரணும். மெயில் எல்லாம் வேண்டாம். அந்த டை கட்டின ஆள் முன்னாடி நின்னு, உங்க வாயால, தப்பு என்னுதுன்னு சொல்லணும். அந்தச் சிவப்பு போற வரைக்கும் அங்கயே நிக்கணும். போகலன்னா மறுநாளும் வரணும். என்னை வெளிய அனுப்பினப்போ உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சத்தமாச் சொன்னாரோ அவ்வளவு சத்தமாச் சொல்லணும். செய்வீங்களா?"

"வர்றேன் அக்கா" என்றார் அவர். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல."

"வர்றேன்!"

தொப்பை அதற்குள் தூங்கிப் போயிருந்தான். என் அக்கா பிறந்ததிலிருந்து ஒரு மனுஷியைத் திட்டியது அன்றைக்குத்தான். நான் மேசையைப் பார்த்தேன். எங்கள் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு கிடந்த அந்தக் கைபேசி சின்னதாக ஒரு தடவை ஒளிர்ந்தது. இந்த முறை பச்சை. குழந்தை உறங்குகிறது, சூழல் அமைதியாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தது.